ஊசி முனையில்: சந்தைப் பையில் ஒரு படம்

சென்ற இதழில் ஃபிலே குரோஷாவில் (கொக்கி ஊசியால் கட்டம் கட்டமாகப் பின்னும் முறை) சந்தைப் பை பின்னுவது பற்றி எழுதியிருந்தேன். கட்டத் தாளில் ஒரு படத்தை வரைந்துகொண்டு, வெறுங் கட்டத்தை ஜன்னலாகவும் நிரப்பிய கட்டத்தைச் சுவராகவும் பின்னிக்கொண்டே போனால் படம் எழுந்து வரும் என்று சொல்லி, ஒரு மீன் படமும் கொடுத்திருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்தப் பை பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால் சிலவற்றைச் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல். ஊசியில் நூலை ஒரு முறை சுற்றி, கண்ணிக்குள் விட்டு இழுத்து, இரண்டிரண்டாகக் கழற்றும் பின்னலை முப்பத்தொரு வருடம் என் வகுப்பில் ‘தூண்’ என்றே சொல்லிக் கொடுத்தேன். இங்கும் அப்படியே. கண்ணிக்குள் கண்ணியாக இழுத்துக்கொண்டே போகும் சங்கிலிப் பின்னல் ‘செயின்’. ஒரு தூண், இரண்டு செயின், மறுபடி ஒரு தூண்: இது ஜன்னல். அந்த இரண்டு செயினுக்குப் பதில் இரண்டு தூண் வந்தால் சுவர்.

அன்புள்ள டீச்சர், மீனுக்குப் பதிலாக யானை போட்டேன். பின்னி முடித்து மேசையில் விரித்தபோது அழகாக இருந்தது. சந்தைக்குக் கொண்டுபோய் மூன்று கிலோ காய் வாங்கியதும் யானைக்குக் கால் நீண்டு, வயிறு ஒடுங்கி, ஒட்டகம் மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து காயைக் கொட்டினால் பழையபடி யானை. எங்கே தவறு? (வாசகி, கரூர்)

உங்கள் பின்னலில் தவறில்லை. அளந்த இடம்தான் தவறு. இதே தவறை நானும் செய்து ஒரு பையை இழந்திருக்கிறேன். எங்கள் வீடு நாகர்கோவிலில். வடசேரி சந்தைக்கு என்று ஒரு மயில் பை பின்னினேன். நாலு கிலோ மரச்சீனிக் கிழங்கைப் போட்டுத் தூக்கியதும் மயில் கழுத்து கொக்குக் கழுத்தாக நீண்டுவிட்டது. அன்று இரவு முழுக்க அந்தப் பையைக் கதவு ஆணியில் மாட்டி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் விஷயம் புரிந்தது.

மேசை விரிப்பு மேசையில் கிடக்கும். பை தொங்கும். தொங்கும்போது எடை முழுவதையும் தூண்கள்தான் தாங்குகின்றன. குறுக்கே போகும் இரண்டு செயினுக்கு இழுக்கும் வேலை இல்லை, அதனால் தூண்கள் ஒன்றையொன்று நெருங்கி வரும். அகலம் குறையக் குறைய உயரம் கூடும். இது ஜன்னல் கட்டத்தில்தான் அதிகம். சுவர்க் கட்டம் அவ்வளவாக ஒடுங்காது. உங்கள் யானையில் உடம்பு சுவர், கால்களுக்கு நடுவே ஜன்னல். அதனால்தான் கால் பகுதி மட்டும் அப்படி நீண்டது.

இனி செய்ய வேண்டியது இதுதான். படம் தொடங்கும் முன் பத்துக்குப் பத்து கட்டத்தில் ஒரு மாதிரித் துண்டு பின்னுங்கள். பாதி ஜன்னல், பாதி சுவர். மேசையில் அளக்க வேண்டாம். மேல் ஓரத்தை ஒரு குச்சியில் கோத்து, கீழ் ஓரத்தில் இன்னொரு குச்சி கோத்து, அதில் ஒரு கிலோ அரிசிப் பொட்டலத்தைக் கட்டி ராத்திரி முழுக்கத் தொங்கவிடுங்கள். காலையில் தொங்கிய நிலையிலேயே அளவு எடுங்கள். என் கைக்கு, நாலு பிரி பருத்தி நூலில், 2 மி.மீ. ஊசியில், மேசை மேல் அகலம் 9.5 செ.மீ., உயரம் 8 செ.மீ. வந்தது. தொங்கவிட்டபின் இரண்டும் 9. மேசையில் குட்டையாக, அமுங்கினாற்போல் இருந்த கட்டம் எடை ஏறியதும் சதுரமாகிவிட்டது!

ஆகவே மேசையில் கட்டம் சற்றே குள்ளமாக வந்தால் கவலைப்படாதீர்கள், அதுவே பைக்கு நல்லது. மேசையிலேயே கச்சிதமான சதுரம் வந்தால் தொங்கும்போது கட்டாயம் நீளும். அப்படியானால் படத்தில் பத்து வரிசைக்கு ஒரு வரிசையை எடுத்துவிடுங்கள். முகத்தில் எடுக்காதீர்கள், காலிலோ வயிற்றிலோ எடுங்கள்; கண்ணுக்குத் தெரியாது. இல்லையென்றால் முதல் கண்ணியை இழுக்கும்போது உயரமாக இழுக்காமல் ஊசியோடு ஒட்டி இழுத்துப் பழகுங்கள். தூணின் உயரம் அந்த முதல் இழுப்பில்தான் இருக்கிறது.

பின்னி முடித்த பையைப் பிரிக்க வேண்டாம். யானையின் கால்களுக்கு நடுவே உள்ள ஜன்னல்களில் அதே நூலால், தையல் ஊசி கொண்டு, குறுக்கே போகும் செயினைச் சுற்றி இரண்டு இழை இறுக்கமில்லாமல் ஓட்டிவிடுங்கள். கொஞ்சம் பிடித்து நிற்கும்.

40 கட்டம் வேண்டும் என்று 120 செயின் போட்டேன். 38 கட்டம்தான் வருகிறது, ஒரு செயின் மிச்சம். மூன்று முறை எண்ணிவிட்டேன். எனக்குக் கணக்கு வராதா டீச்சர்? (கல்லூரி மாணவி, கோவில்பட்டி)

உனக்குக் கணக்கு நன்றாகவே வருகிறது மக்களே. (எங்கள் ஊரில் பிள்ளை ஒன்றே ஒன்றானாலும் ‘மக்களே’ என்றுதான் கூப்பிடுவோம்.) மிச்சம் ஒன்று என்று சரியாகச் சொல்லியிருக்கிறாயே, அதை வைத்துத்தான் நீ ஜன்னலில் தொடங்கி, முதல் தூணை ஊசியிலிருந்து எட்டாவது செயினில் போட்டிருப்பாய் என்று எனக்கே தெரிந்தது.

வேலி போடுவதை நினைத்துக்கொள். பத்து இடைவெளிக்குப் பதினொரு கம்பு வேண்டும். இங்கேயும் கட்டத்துக்கு மூன்று என்ற கணக்கு இடைவெளிக்கு மட்டும்தான். ஓரத்துக் கம்புக்கும் திரும்புவதற்கும் தனியாகச் செயின் போட வேண்டும். முதல் கட்டம் ஜன்னல் என்றால் மூன்றால் பெருக்கி ஐந்து கூட்டு: 40-க்கு 125. முதல் தூணை ஊசியிலிருந்து எட்டாவது செயினில் போடு. முதல் கட்டம் சுவர் என்றால் மூன்று கூட்டினால் போதும்: 123. முதல் தூண் நாலாவது செயினில்.

அடுத்தடுத்த வரிசைகளில், ஜன்னலில் தொடங்கினால் 5 செயின், சுவரில் தொடங்கினால் 3 செயின் போட்டுத் திரும்பு. வரிசை முடிவில் கடைசித் தூணை, முந்தைய திருப்புச் செயினின் மூன்றாவது செயினில் போட வேண்டும். இதை விட்டுவிடுவதால்தான் பலருக்கு ஓரம் வரிசைக்கு வரிசை ஒடுங்கிக்கொண்டே போகிறது. பத்து கட்டத்துக்கு ஒரு முறை வேறு நிற நூல் துண்டை அடையாளமாகக் கட்டிவிட்டால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து எண்ண வேண்டாம்.

வீடியோவில் ‘டபுள் குரோஷா’ என்கிறார்கள். என் அம்மாவின் பழைய புத்தகத்தில் அதே பின்னலை ‘ட்ரெபிள்’ என்று போட்டிருக்கிறது. எது சரி? (வாசகி, திருச்சி)

இரண்டும் சரி. வீடியோக்காரர் அமெரிக்க வழக்கைச் சொல்கிறார், அம்மாவின் புத்தகம் பிரிட்டிஷ் வழக்கைச் சொல்கிறது. அமெரிக்காவின் சிங்கிள் பிரிட்டனில் டபுள். அமெரிக்காவின் டபுள் பிரிட்டனில் ட்ரெபிள். ‘சிங்கிள் குரோஷா’ என்ற பெயரே பிரிட்டிஷ் முறையில் இல்லை. ஆகவே ஒரு குறிப்பில் அந்தப் பெயர் கண்ணில் பட்டால் அது அமெரிக்க முறை என்று முடிவு செய்துகொள்ளலாம். இந்தக் குழப்பத்துக்காகத்தான் நான் தூண் என்று சொல்கிறேன்.

இரண்டு துண்டாகப் பின்னி மூட்டுவதற்குப் பதில், ஒயர் கூடை மாதிரி அடியிலிருந்து சுற்றிச் சுற்றிப் பின்னினேன். கிளி படம். வர வர கிளி ஒரு பக்கமாகச் சாய்கிறது. (வாசகி, பொள்ளாச்சி)

ஒயர் கூடை போட்ட கை உங்களுடையது என்று நினைக்கிறேன். நெல்லிக்காய், சிவன் கண் என்று முடிச்சுப் போட்டுக் கூடை முடித்தவர்களுக்குக் கட்டக் கணக்கைப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. ஒயர் விறைப்பானது என்பதால் அங்கே சாய்வு வராது, நூலில் வரும். ஒவ்வொரு தூணும் தனக்குக் கீழே உள்ள தூணின் தலைக்கு நேராக உட்காருவதில்லை, இழை அளவு பக்கவாட்டில் தள்ளி உட்காருகிறது. ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போனால் அந்தத் தள்ளல் சேர்ந்து சேர்ந்து முப்பதாவது சுற்றில் விரல்கடை அளவுக்குச் சாய்ந்துவிடும். வரிசைப் பின்னலில் நாம் ஒவ்வொரு முறையும் திரும்புவதால் ஒரு வரிசை வலப்பக்கம், அடுத்த வரிசை இடப்பக்கம் என்று கழிந்துபோகிறது.

ஆகவே சுற்றாகப் பின்னினாலும் ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஸ்லிப் ஸ்டிட்ச் (நூலை இரண்டு கண்ணி வழியாகவும் ஒரே இழுப்பில் இழுத்துவிடும் பின்னல்) போட்டு இணைத்து, வேலையைத் திருப்பி, எதிர்த் திசையில் அடுத்த சுற்றைப் பின்னுங்கள். படம் நேராக நிற்கும். கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: திருப்பிய பிறகு படத்தையும் எதிர்ப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். ஒற்றைப்படைச் சுற்று வலமிருந்து இடம், இரட்டைப்படை இடமிருந்து வலம். சுற்றுப் பின்னலில் ஓரக் கம்பு கிடையாது என்பதால் அடியின் விளிம்பில் கண்ணிகள் மூன்றின் மடங்காக இருந்தால் போதும். பக்கத்துக்கு 40 கட்டம் என்றால் மொத்தம் 80 கட்டம், 240 கண்ணி.

சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் ஓட்டை வழியாக விழுகின்றன. தோள்பட்டியோ நாளுக்கு நாள் நீண்டு முழங்கால் வரை வந்துவிட்டது. பை என்றால் பொருளைத் தாங்க வேண்டாமா? (வாசகர், தென்காசி)

கட்டாயம் தாங்க வேண்டும். படம் இரண்டாவதுதான். உங்கள் கோபம் நியாயம். சென்ற இதழில் பட்டியைப் பற்றி இரண்டே வரியில் எழுதிவிட்டுப் போனது என் குறை, இப்போது விரிவாகச் சொல்கிறேன்.

அடியில் ஜன்னலே கூடாது. தூண்கூட வேண்டாம், அமெரிக்கர் சிங்கிள் என்று சொல்லும் குட்டைப் பின்னலில் நெருக்கமாகப் பின்னுங்கள். அடியிலிருந்து மேலே ஏறும்போதும் முதல் ஏழெட்டு வரிசை முழுச் சுவர். காய் நிறைந்த பையைத் தூக்கிப் பாருங்கள், கீழ் மூன்றில் ஒரு பங்கு உப்பிக்கொண்டு நிற்கும். அங்கே படம் போட்டாலும் அது உருக்குலைந்துதான் தெரியும். ஆகவே வெங்காயத்துக்கும் படத்துக்கும் சேர்த்து ஒரே தீர்வு: கீழே சுவர், படம் அதற்கு மேலே. மிளகாய்க்குத் தனியாக ஒரு சின்னத் துணிப்பை தைத்து உள்ளே போட்டுக்கொள்ளுங்கள். மெல்லிய ‘வாயில்’ துணிச் சேலையின் பழைய துண்டு போதும்.

பட்டியைப் பையின் விளிம்பில் ஒட்டவைத்தால் அந்த இரண்டு இடத்தில்தான் எல்லா எடையும் விழும், அங்கேதான் கிழியும். கடையில் வாங்கும் கித்தான் பையைப் புரட்டிப் பாருங்கள். பட்டி விளிம்பில் நிற்காது, பையின் உடம்போடு இறங்கி அடியைச் சுற்றி மறுபக்கம் ஏறும். அந்த அறிவு நமக்கும் வேண்டும். பட்டி வரும் இடத்துக்கு நேர் கீழே, அடிவரை, மூன்று கட்ட அகலத்துக்கு ஒரு சுவர்ப் பத்தி விட்டுவிடுங்கள். எடை அதன் வழியே நேராக அடிக்கு இறங்கும். படம் இரண்டு பத்திக்கும் நடுவே சட்டம் போட்டதுபோல் நிற்கும், அதுவும் ஒரு அழகு.

பட்டியைக் குறுக்கு வரிசையாகப் பின்னாதீர்கள். முழு நீளத்துக்கும் செயின் போட்டு, நீளவாக்கில் ஆறேழு வரிசை குட்டைப் பின்னல் போடுங்கள். முடித்தபின் உள்பக்கம் ஒரு அங்குல அகலப் பருத்தி நாடாவை வைத்துக் கையால் தைத்துவிடுங்கள். பிறகு நீளாது. என் இப்போதைய பையில் இந்த நாடா ஒன்பது வருடமாக இருக்கிறது. அந்தப் பை மட்டிப்பழத் தாரும் சுமந்திருக்கிறது.

எந்தப் படம் போடலாம்? கோலம் போடலாமா? நூல் உருண்டையில் ‘மெர்சரைஸ்டு’ என்று இருக்கிறதே, அது நல்லதா? (வாசகி, கும்பகோணம்)

நேர்ப்புள்ளி வைத்து, புள்ளிகளை நேர்க்கோட்டில் இணைக்கும் கோலம் நன்றாக வரும். சிக்குக் கோலம் வேண்டாம். வளைவு முழுவதும் படிக்கட்டாகிவிடும், யாருக்கும் அடையாளம் தெரியாது. மீன், வாத்து, ஆலிலை, மாங்காய், தேர்ச் சக்கரம் எல்லாம் நிழல் பார்த்தே தெரியும் உருவங்கள். நிழலில் தெரியாததைக் கட்டத்தில் போடாதீர்கள். கண்ணுக்கு ஒரே ஒரு ஜன்னல் போதும்.

இன்னொன்று. திரைச்சீலையில் படத்துக்குப் பின்னால் வெளிச்சம் இருக்கும். பைக்குப் பின்னால் தக்காளியும் கீரையும் இருக்கும். ஜன்னல் வழியே தெரிவது காயின் நிறம்தான். அதனால் படம் சுவராகவும் பின்னணி ஜன்னலாகவும் இருக்கட்டும், நூல் வெள்ளையாகவோ சந்தன நிறமாகவோ இருக்கட்டும். முருங்கைக் கீரையின் முன்னால் வெள்ளை மீன் நீந்துவதை ஒரு முறை பார்த்துவிட்டால் பல நிற நூல் கேட்கமாட்டீர்கள்.

மெர்சரைஸ்டு என்பது ஜான் மெர்சர் என்ற இங்கிலாந்துக்காரரின் பெயரிலிருந்து வந்தது. பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் நனைத்தால் இழை உப்பி, வலுவேறி, சாயத்தையும் நன்றாகப் பிடிக்கிறது என்று அவர் கண்டுபிடித்து 1850-ல் காப்புரிமை வாங்கினார். ஆனால் துணி சுருங்கிப் போனதால் ஆலைக்காரர்கள் அதிகம் தொடவில்லை. நாற்பது வருடம் கழித்து ஹொரேஸ் லோ என்பவர், நனைக்கும்போது இழுத்துப் பிடித்துக்கொண்டால் சுருங்காது, பளபளப்பும் வரும் என்று காட்டினார். நமக்கு அதில் லாபம் என்னவென்றால், கண்ணிகள் பஞ்சு பஞ்சாகப் பிரியாமல் தெளிவாக நிற்கும், படத்தின் விளிம்பு கூர்மையாகத் தெரியும். அதையே வாங்குங்கள். ‘உல்லன்’ என்று விற்கும் அக்ரிலிக் நூல் பைக்கு வேண்டாம், எடை ஏற ஏற நீண்டுகொண்டே போகும்.

300 ரூபாய்க்குப் பின்னித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா? மஞ்சப்பையே மலிவாகக் கிடைக்கும்போது அதற்குமேல் யார் கொடுப்பார்கள்? (வாசகி, ஈரோடு)

ஒத்துக்கொள்ளாதீர்கள் அம்மா. என் பை ஒன்றுக்கு நூல் 250 கிராம், நேரம் 46 மணி. ஒவ்வொரு நாளும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வைத்த கணக்கு இது. 300 ரூபாயில் நூல் விலையைக் கழித்துவிட்டு, மிச்சத்தை 46-ஆல் வகுத்துப் பாருங்கள். அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லவே எனக்கு மனம் வராது.

இது எனக்கு வெறும் விலைப் பேச்சு இல்லை. 1821-ல் எங்கள் நாகர்கோவிலில் மிஷனரி மனைவியான மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது குரோஷா இல்லை, திண்டில் ஊசி குத்திக் கட்டைகளில் நூல் சுற்றிப் பின்னும் லேஸ். அடிமைகளாக இருந்த பிள்ளைகள் சிலர் அந்த லேஸ் விற்ற காசில் தங்கள் விடுதலையை வாங்கியதாக மிஷன் குறிப்புகள் சொல்கின்றன. நூல் வேலைக் காசுக்கு அவ்வளவு மதிப்பு இருந்த மண் இது. அதே சமயம் ஆந்திராவில் கோதாவரிக் கரையில் நர்சாபூரைப் பாருங்கள். அந்த வட்டாரத்துக் குரோஷா லேஸ் கடல் கடந்து போகிறது, புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. ஆனாலும் திண்ணையில் உட்கார்ந்து பின்னும் பெண்ணின் கைக்கு வருவது வெகு சொற்பம். ‘வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்வதுதானே’ என்ற ஒரே வார்த்தையில் அவர்கள் கூலி கரைந்துபோகிறது. அந்த வார்த்தையை நீங்களே உங்கள் வாயால் சொல்லிவிடாதீர்கள்.

மஞ்சப்பையோடு போட்டி வேண்டாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தபின் ஊருக்கெல்லாம் உழைக்கிற பை அது. நம் பை கீரைக்குக் காற்று விடும், மடித்தால் கைப்பிடிக்குள் அடங்கும், பத்து வருடம் வரும். அதைச் சொல்லி, உங்கள் மணிக்கணக்கையும் ஒரு அட்டையில் எழுதிப் பையோடு வைத்து, உங்களுக்கு நியாயமாகப் படும் விலை கேளுங்கள். வாங்காதவர் வாங்காமல் போகட்டும்.

என் மனைவி குத்துவிளக்குப் படம் போட்டு ஒரு பை பின்னிக்கொண்டிருந்தார். 26 வரிசை முடிந்திருந்தது. சித்திரையில் தவறிவிட்டார். ஊசி நூலோடு அப்படியே இருக்கிறது. படம் வரைந்த தாள் கிடைக்கவில்லை. எனக்குக் குரோஷா தெரியாது. பேத்தி செயினும் தூணும் கற்றுக் கொடுத்திருக்கிறாள். இதை நான் முடிக்க முடியுமா? (ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், மதுரை)

முடியும் ஐயா. கட்டாயம் முடியும்.

முதல் வேலையாக, ஊசி நிற்கும் அந்தக் கடைசிக் கண்ணியில் ஒரு ஊக்கைக் குத்திப் பூட்டிவிடுங்கள், அப்புறம் ஊசியை எடுங்கள். அது நழுவினால் பின்னல் அவிழும். ஊசியைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். அதே ஊசியில்தான் நீங்கள் பின்ன வேண்டும், புதிது வாங்காதீர்கள்.

படத்தாள் தொலையவில்லை ஐயா, அது பையிலேயே இருக்கிறது. ஒரு கறுப்புத் துணி மேல் பையை விரியுங்கள். கட்டத் தாளை எடுத்துக்கொண்டு, கீழ் வரிசையிலிருந்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து, சுவருக்குப் பென்சிலால் நிரப்புங்கள், ஜன்னலை வெறுமனே விடுங்கள். 26 வரிசையும் எழுதி முடிக்கும்போது விளக்கின் பாதமும் தண்டும் தாளில் வந்திருக்கும். குத்துவிளக்கு இடமும் வலமும் ஒன்றுபோல் இருப்பது. நடுக் கட்டத்தைக் கண்டுபிடித்து அதில் ஒரு கோடு கிழித்துக்கொண்டால், எண்ணுவதில் தவறியதும் பிடிபட்டுவிடும். மேலே உள்ள அகலுக்கும் சுடருக்கும் உங்கள் வீட்டு விளக்கையே முன்னால் வைத்து வரையுங்கள். தண்டு தாளில் எத்தனை கட்ட அகலம் இருக்கிறதோ, அதை வைத்து அகல் எத்தனை கட்டம் என்று விளக்கை அளந்து கணக்குப் போட்டுவிடலாம். ரயில்வேயில் இருந்தவருக்கு இந்த அளவெல்லாம் கஷ்டமில்லை.

நேரடியாகப் பையில் தொடங்க வேண்டாம். வேறு நூலில் பத்துக்குப் பத்து துண்டுகள் பின்னிப் பழகுங்கள். ஐந்தாறு துண்டு ஆகலாம். புதுக் கை இறுக்கமாக இருக்கும். உங்கள் பத்து கட்டமும் உங்கள் மனைவியின் பத்து கட்டமும் அகலத்திலும் உயரத்திலும் ஒத்துவரும் நாளில் பையை எடுங்கள். கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தால் தெரியட்டும். 27-வது வரிசையில் கை மாறியது என்று பார்க்கிறவர்களுக்குப் புரியும், அதை மறைக்க வேண்டியதில்லை. அவர்கள் பின்னியதில் ஒரு கண்ணியைக்கூட அவிழ்க்காதீர்கள்.

நூல் தீர்ந்தால் மிச்ச நூலில் ஒரு விரல் நீளத் துண்டைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டு வாங்குங்கள். பட்டி பின்னும் இடத்துக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள், நாடா வைத்துத் தைப்பதை உங்களுக்குத் தனியாக எழுதி அனுப்புகிறேன்.